முறைக்காய்ச்சல் கண்ட கம்பிகள்

அறைக்குள் ஒரு ஸ்டீரியோ ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருக்கிறது. "பிங்... பிங்... பிங்..." விநாடிக்கு ஒரு தரம். அந்த அலுவலகத்தின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் மனிதர் அறை அறையாகப் போகிறார். மேசைகளுக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு கம்பி இணைப்பையும் விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். ஏதோ ஒரு மேசைக்கடியில் ஓர் இணைப்பை அசைத்ததும் சத்தம் நின்றுபோகிறது. கண்ணாமூச்சி காட்டிய கோளாறு அந்த விரல் நுனியில் இருந்தது.

இது நடந்த சம்பவம். 'பிங்' நிரலை எழுதிய மைக் மூஸ், யூஸ்நிக்ஸ் என்ற கணினி அமைப்பின் மாநாடு ஒன்றில் இதைக் கேள்விப்பட்டார். தன் நிரலைப் பற்றித் தான் கேட்டவற்றிலேயே இதுதான் சிறந்தது என்று எழுதியும் வைத்தார். தூரத்துக் கணினிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பிங்கின் வேலை. வந்த ஒவ்வொரு பதிலையும் குரலாக மாற்றும்படி அந்த மனிதர் தன் கணினியில் ஏற்பாடு செய்திருந்தார். பதில் வந்துகொண்டிருக்கும்வரை கூவும். இணைப்பு அறுந்தால் அடங்கும். திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடி கம்பியை ஆட்ட முடியாது என்பதால், கண் பார்க்க வேண்டியதைக் காதிடம் கொடுத்துவிட்டார்.

கணினி வலைப்பின்னலின் வரலாற்றில் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் நிறைய உண்டு. அறுந்த இடத்தைத் தேடி நடந்தவர்களின் பெயர்கள் அநேகமாக இல்லை. இந்த மனிதரின் பெயரும் அந்தக் குறிப்பில் இல்லை. சரிசெய்து முடித்ததும் தடயமே இல்லாமல் மறைந்துவிடும் வேலை அது. ஆனாலும் அலுவலகக் கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பேச்சை நிற்காமல் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள்தான்.

முழுதாகச் செத்த இணைப்பு இவர்களுக்குப் பெரிய தலைவலி இல்லை. எங்கே உயிர் இல்லையோ அங்கே கோளாறு. விட்டு விட்டு அறுவதுதான் உயிரை எடுக்கும். மருத்துவரின் வாசலை மிதித்ததும் தணிந்துபோகும் முறைக்காய்ச்சலைப் போன்றது அது. "காலையிலேர்ந்து நெட் கட்டாகிக் கட்டாகி வருது சார்" என்று கூப்பிடுவார்கள். ஆள் போய் நின்றால் எல்லாம் ஒழுங்காக ஓடும். அவர் படி இறங்கியதும் மறுபடி அறுந்துவிடும்.

இந்தக் காய்ச்சலின் ஊற்று அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில், 1973 மே 22 அன்று ராபர்ட் மெட்கால்ஃப் ஒரு குறிப்பு எழுதினார். கட்டடத்தில் இருக்கும் கணினிகள் அனைத்தையும் ஒரே கம்பியில் கோக்கலாம்; நடுவில் அதிகாரி எவரும் வேண்டாம்; யாரும் பேசாத நேரம் பார்த்து யார் வேண்டுமானாலும் பேசலாம்; இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், இருவரும் ஆளுக்கொரு கணம் காத்திருந்து மறுபடி பேசவேண்டியது. ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் வானொலி அலையில் நடத்திய அலோஹாநெட்டிலிருந்து கிளைத்த யோசனை இது. ஒளி பரவுவதற்கு ஊடகமாக 'ஈதர்' என்ற ஒன்று எங்கும் நிறைந்திருக்கிறது என 19-ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர்கள் நம்பினார்கள். அந்தப் பெயரையே கம்பிக்கு வைத்தார் மெட்கால்ஃப். ஈதர்நெட் பிறந்தது.

ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில் நீளமான கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மெட்கால்ஃபைப் பார்த்து உதவிக்கு வந்தவர் டேவிட் பாக்ஸ். ஸ்டான்ஃபோர்டு மாணவர், அமெச்சூர் வானொலியில் ஊறியவர், கை வேலை தெரிந்தவர். யோசனையை ஓடவைத்ததில் அவருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. கம்பியும் கருவியுமாகக் கைகள் நுழைந்த இடத்தில்தான் இந்தத் தொழிலும் தொடங்குகிறது என்பதால், பாக்ஸைப் பழுதுபார்ப்பவர்களின் மூதாதை என்று சொல்லத் தோன்றுகிறது.

1980-இல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து ஈதர்நெட்டுக்குப் பொது விதிகளை வெளியிட்டன. வேகம் விநாடிக்கு 1 கோடி பிட். கம்பியோ விரல் தடிமன். பெரும்பாலும் மஞ்சள் நிறம். வளைக்கப் போனால் முரண்டு பிடிக்கும். அதிகபட்ச நீளம் 500 மீட்டர். 2.5 மீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டில்தான் கணினிக்கான கிளையை எடுக்கவேண்டும். இஷ்டத்துக்கு எடுத்தால் ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக எதிரொலிக்கும் மின்னலைகள் ஒன்றுசேர்ந்து பேச்சைக் குழப்பிவிடும்.

கிளை எடுப்பதற்குக் கம்பியை வெட்டவேண்டியதில்லை. மேலுறையில் துளையிட்டு, ஊசி ஒன்றை நடுச்செம்பு வரை இறக்கி, பூட்டு போட்டு இறுக்குவார்கள். ரத்தக்காட்டேரி பல் பதிப்பதுபோல இருந்ததால் வாம்பயர் டேப் என்று பெயர் வந்தது. துளையிட்டபோது, நடுச்செம்பைச் சுற்றியிருக்கும் உலோக வலையின் ஒரு மெல்லிய இழை உள்ளே சரிந்து நடுச்செம்பைத் தொட்டுவிட்டால் போதும், கட்டடத்தின் மொத்தப் பேச்சும் நின்றுவிடும். தொட்டும் தொடாமலும் நின்றால் இன்னும் மோசம். அங்கிருந்து கணினிக்கு இறங்கும் 15 முனைக் கம்பியைப் பிடித்துக்கொள்ள, திருகாணிக்குப் பதிலாக ஒரு சறுக்குத் தகட்டை வைத்திருந்தார்கள். கம்பியின் கனம் இழுக்க இழுக்க அந்தத் தகடு நழுவும். பழைய ஆட்கள் இன்றைக்கும் அந்தத் தகட்டின் பேரைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

500 மீட்டர் கம்பி கூரைக்கு மேலே ஓடுகிறது. எங்கே கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பியின் ஒரு முனையில் சிறு மின்துடிப்பை அனுப்பி, அதன் எதிரொலி திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கருவி இருந்தது, டிடிஆர் என்பார்கள். தடித்த ஈதர்நெட் கம்பியில் துடிப்பு 1 நானோ விநாடிக்குச் சுமார் 23 சென்டிமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 1 மைக்ரோ விநாடி ஆனால், கோளாறு ஏறத்தாழ 115 மீட்டரில் இருக்கிறது. திரையில் கோடு மேடாக எழும்பினால் கம்பி அறுந்திருக்கிறது. பள்ளமாக இறங்கினால் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்க ஆகும் நேரத்தை வைத்து ஆழம் கணிக்கிற வித்தைதான்.

தடித்த கம்பிக்குக் கட்டுப்படியாகாத அலுவலகங்களுக்காக 80-களின் நடுவில் மெல்லிய கம்பி வந்தது. கறுப்பு நிறம், தொலைக்காட்சி ஆன்டெனா கம்பி மாதிரி. 185 மீட்டர், 30 கணினி. இந்தியாவில் 90-களின் தொடக்கத்தில் நோவெல் நெட்வேர் என்ற வலைப்பின்னல் மென்பொருள் ஓடிய அலுவலகங்கள் பலவற்றிலும் இதுதான். ஒவ்வொரு கணினியின் முதுகிலும் ஒரு 'டி' இணைப்பான். ஒரு கையில் முந்தைய கணினியின் கம்பி, மறு கையில் அடுத்த கணினியின் கம்பி. வரிசையின் இரு முனைகளிலும் 50 ஓம் மின்தடை கொண்ட டெர்மினேட்டர் என்ற சிறு மூடி.

பூமாலை மாதிரி, ஒரு இடத்தில் நார் அறுந்தால் மொத்தமும் போச்சு. மேசையை நகர்த்த ஒருவர் தன் கம்பியைக் கழற்றினால் அந்தத் தளம் முழுக்க வேலை நின்றது. துடைப்பம் பட்டது, நாற்காலிச் சக்கரம் ஏறியது, கால் நீட்டியவர் தெரியாமல் உதைத்தார். எல்லாவற்றுக்கும் தண்டனை 30 பேருக்கு. புகார் சொல்பவர் ஒரு மூலையில் இருப்பார், காரணம் எதிர் மூலையில் இருக்கும். அவர் கணினியை எத்தனை தரம் திறந்து மூடினாலும் பலன் இல்லை.

இந்தக் கம்பிக்கு ஓர் அழகான சோதனை இருந்தது. சாதாரண மல்டிமீட்டர் போதும். கணினியிலிருந்து ஒரு 'டி'யைக் கழற்றி, கம்பிகளை அதிலேயே விட்டுவிட்டு, நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே மின்தடையை அளக்கவேண்டும். இரண்டு முனையிலும் மூடி சரியாக இருந்தால், இரண்டு 50 ஓமும் இணையாகச் சேர்ந்து 25-ஐ ஒட்டிக் காட்டும். 50 காட்டினால் ஏதோ ஒரு பக்கம் கம்பி அறுந்திருக்கிறது அல்லது மூடி கழன்றிருக்கிறது. எண் நிலையில்லாமல் 25-க்கும் 50-க்கும் தாவினால் முறைக்காய்ச்சல் கையில் சிக்கியது என்று பொருள். பிறகு வரிசையைப் பாதியாகப் பிரித்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி, நான்கைந்து தாவலில் குற்றவாளி 'டி'யை அடைந்துவிடலாம்.

மின்தடையை அளந்து கோளாற்றின் இடத்தைச் சொல்லும் கலை கணினியைவிட மிகப் பழையது. கடலடியில் போட்ட தந்திக் கம்பி அறுந்தால் கரையிலிருந்தே அளந்து தூரம் கணித்தார்கள் 19-ஆம் நூற்றாண்டுத் தந்தி வல்லுநர்கள். ஆளுக்கொரு அளவு வைத்துக்கொண்டிருந்தால் கணக்கு உதைக்கும். மின்தடைக்குப் பொது அளவு காண 1861-இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் ஒரு குழு அமைத்ததற்குத் தந்தித் தொழிலின் இந்தத் தேவையே முக்கியமான உந்துதல். மல்டிமீட்டரில் 25 ஓம் பார்த்தவர் அந்தத் தந்தி வல்லுநர்களின் வாரிசு.

பிங் பிறந்தது 1983 டிசம்பரில். மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீனில் இருந்த அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் வேலை பார்த்தார். நெட்வொர்க்கில் ஏதோ விபரீதமாக நடந்தது. அதைத் துப்புத்துலக்க ஒரே இரவில் ஏறக்குறைய ஆயிரம் வரி எழுதினார். நிரல் ஓடத் தயாரானபோது, அவர் தேடிய கோளாறே சரியாகிவிட்டிருந்தது. கல்லூரி நாள்களில் சோனார் அமைப்புகளைப் பற்றி வேலை செய்தவர் அவர். நீர்மூழ்கியைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சத்தம்தான் நிரலின் பெயர். தன் வாழ்க்கையில் அதிகம் பேசப்படப்போவது இதுதான் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உழைத்திருப்பேன் என்று பின்னாளில் எழுதினார். 2000 நவம்பரில் சாலை விபத்தில் இறந்துபோனார்.

அவர் வைத்த பெயர் தமிழ்ப் பேச்சிலும் புகுந்துவிட்டது. "பிங் போட்டுப் பாரு", "கேட்வே பிங் வருதா?" என்று நெட்வொர்க் பையன்கள் நாள் முழுக்கக் கேட்டுக்கொள்கிறார்கள். முதலில் அலுவலகத்தின் வாசற்படியான கேட்வே, பிறகு வெளியுலகம். வாசற்படியிலிருந்து பதில் வந்து, வெளியிலிருந்து வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் நம் கட்டடத்துக் கம்பிகளில் இல்லை. பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டு, நடுநடுவே 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' விழும் நேரங்களைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் அலுவலகத்தில் என்ன நடந்தது என்று விசாரிப்பார்கள். லிஃப்ட் ஓடியதா, ஏசி போட்டார்களா, யாராவது சாப்பிடப் போனார்களா. பாதி துப்பு இந்த விசாரணையில்தான் கிடைக்கும்.

1990-இல் டென்-பேஸ்-டி தரநிலை வந்தது. மாலை போய் நட்சத்திரம் வந்தது: ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி, எல்லாக் கம்பிகளும் போய்ச் சேரும் நடுப்பெட்டி. இனி ஒருவர் கம்பியை உதைத்தால் அவருக்கு மட்டும்தான் போகும். கூடவே ஒரு சின்ன வரமும் கிடைத்தது. பேச்சு இல்லாதபோதும் இரு முனைகளும் 16 மில்லி விநாடிக்கு ஒரு தரம் "இருக்கிறேன்" என்று ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டன. அந்தத் துடிப்பு வந்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அதுவரை கம்பிக்குள் ஒளிந்திருந்த உயிர் வெளியே தெரிந்தது. இந்தத் தொழிலின் வரலாற்றில் அந்த விளக்கைவிட நன்றிக்குரிய பொருள் வேறில்லை.

கோளாறு ஒழிந்துவிடவில்லை; இடம் மாறியது. கம்பிக்குள் நான்கு ஜோடி முறுக்கு. இரண்டு கம்பிகளை முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்காகக் காப்புரிமை பெற்ற யோசனை. கம்பி முனையில் பொருத்தும் ஆர்ஜே-45 இணைப்பானில் எட்டு இடங்கள். அதன் நட்டநடு இரண்டும், அதாவது 4-ம் 5-ம், தொலைபேசிக்குப் பழக்கப்பட்டவை என்பதால் ஈதர்நெட் அவற்றை விட்டுவிட்டு 1-2, 3-6 என்று இரண்டு ஜோடிகளை எடுத்துக்கொண்டது. 3-க்கு ஜோடி பக்கத்து வீட்டு 4 அல்ல, தள்ளி இருக்கும் 6.

விவரம் தெரியாமல் கம்பி முனையில் இணைப்பானை இறுக்குபவர், அதாவது கிரிம்ப் செய்பவர், ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பார்வைக்கு அழகாக வரிசைப்படுத்திவிடுவார். சென்னை ரிட்சி தெருவில் வாங்கிய சின்ன டெஸ்டரில் மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் ஒழுங்காக எரியும், ஏனென்றால் இரு முனைகளிலும் அதே வரிசைதான். ஆனால் 3-ம் 6-ம் வெவ்வேறு முறுக்கிலிருந்து வந்தவை. இரைச்சலை அடித்துத் தள்ள ஜோடி இல்லை. வேகம் குறைவாக இருந்தபோது இழுத்துக்கொண்டு ஓடிய அந்தக் கம்பி, 1995-இல் வந்த பத்து மடங்கு வேகத்தில் இணைப்பை விட்டு விட்டு அறுத்தது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நீலத்தை நடுவில் வைத்துப் பச்சையைப் பிரிக்கும் இந்த வரிசையைத் தொழிலாளர்கள் வாய்ப்பாடு மாதிரி சொல்வது அதனால்தான்.

புதிய வேகம் இன்னொரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. இரு முனைகளும் தங்களுக்குள் பேசி வேகத்தையும் முறையையும் முடிவு செய்துகொள்ளலாம். ஒரு முனையில் யாரோ 'ஃபுல் டூப்ளெக்ஸ்' (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் முறை) என்று கையால் பூட்டிவிட்டு, மறு முனையைத் தானியங்கியாக விட்டால், அது பதில் கிடைக்காமல் 'ஹாஃப் டூப்ளெக்ஸ்' (ஒருவர் மாற்றி ஒருவர் பேசும் முறை) என்று முடிவெடுத்துக்கொள்ளும். ஒருவர் கேட்காமல் பேசுவார், மற்றவர் மோதியதாக எண்ணி நிறுத்துவார். பிங் போட்டால் அருமையாகப் பதில் வரும், ஏனென்றால் அது சின்னச் செய்தி. பெரிய கோப்பை நகலெடுத்தால் நொண்டும், பிறகு அறும். பிங்கை மட்டும் நம்பியவர்களை இந்தக் கோளாறு வருடக்கணக்கில் ஏமாற்றியது.

நடுப்பெட்டிகள் பெருகியதும் பழைய மாலையின் ஆபத்து வேறு வேடத்தில் திரும்பியது. இரண்டு பெட்டிகளுக்கு இடையே தவறுதலாக இரண்டு கம்பி போட்டுவிட்டால், ஒரு செய்தி வட்டமடித்துப் பெருகிக்கொண்டே போய் எல்லாரையும் மூழ்கடிக்கும். டெக் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் 1985-இலேயே இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்: பெட்டிகள் தங்களுக்குள் பேசி, வட்டம் வராதபடி சில பாதைகளை அடைத்துக்கொள்ளும் 'ஸ்பானிங் ட்ரீ'. அந்த வழிமுறையை விளக்கி அவர் ஒரு கவிதையும் எழுதினார்.

அதற்கும் ஒரு விலை இருந்தது. கம்பி செருகியதும் பெட்டி உடனே கதவைத் திறக்காது. 15 விநாடி கேட்கும், 15 விநாடி கற்கும். 90-களின் கடைசியில் கணினிகள் இந்த 30 விநாடிக்கு முன்பே எழுந்து முகவரி கேட்கத் தொடங்கின. 1993-இல் வந்த டிஹெச்சிபி முறைப்படி முகவரி கேட்டுக் கூவும், கதவு மூடியிருக்கும், பதில் வராது. விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு தனிமையில் உட்கார்ந்துவிடும். "காலையில் ஆன் பண்ணினா நெட் வரல, ரீஸ்டார்ட் பண்ணினா வருது" என்ற புகாருக்குப் பின்னால் பல அலுவலகங்களில் இந்த அரை நிமிடம்தான் இருந்தது.

பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2002 நவம்பரில் ஸ்பானிங் ட்ரீ தரும் தொல்லையின் பெரிய வடிவத்தைப் பார்த்தது. பெட்டிக்குப் பெட்டி கோத்துக் கோத்து வளர்ந்த நெட்வொர்க், ஸ்பானிங் ட்ரீ தாங்கும் ஏழு தாவல் எல்லையைத் தாண்டியிருந்தது. பாரம் கூடியபோது பாதைகளை அடைக்கும் ஏற்பாடு தடுமாறியது. இணைப்பு வந்தது, போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. ஏறத்தாழ நான்கு நாள்கள் மருத்துவமனை காகிதத்தில் ஓடியது. மருந்துச் சீட்டும் ஆய்வக முடிவும் கணினியில் பார்த்துப் பழகிய இடம் அது. தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலாம்கா எதையும் மூடி மறைக்காமல் தவறுகளை வெளியில் பேசினார். 

வைஃபை வந்தபோது ஆட்டிப் பார்க்கக் கம்பியே இல்லாமல் போனது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இயங்குகிறது என்பதால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அறும் இணைப்பைத் தேடுபவர் முதலில் சமையலறைப் பக்கம் போகக் கற்றுக்கொண்டார்.

இப்படி நேரம் பார்த்து இணைப்பு அறுந்த இன்னொரு இடம், வேல்ஸ் நாட்டின் போவிஸ் பகுதியில் உள்ள அபெர்ஹோசன் என்ற சிற்றூர். 18 மாதங்களாக, தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்கவும் அக்கம்பக்கத்திலும் பிராட்பேண்ட் அறுந்தது. கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள், பெரும்பகுதிக் கம்பியையே மாற்றினார்கள், பலன் இல்லை. கடைசியில் அலைகளைக் காட்டும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு விடியற்காலை 6 மணிக்குக் கொட்டும் மழையில் தெருத்தெருவாக நடந்தார்கள். சரியாக 7 மணிக்குக் கருவி துள்ளியது. அந்தத் திசையில் போனால் ஒரு வீடு. வீட்டுக்காரர் எழுந்ததும் தன் பழைய தொலைக்காட்சியைப் போடுவது வழக்கம். போட்ட கணத்தில் அந்தப் பெட்டி கக்கிய மின்னிரைச்சல் ஊர்க் கம்பிகளில் ஏறிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் அவர் கூனிக்குறுகிப்போனார்; இனி அதைப் போடுவதில்லை என்று அப்போதே ஒப்புக்கொண்டார். 2020 செப்டம்பரில் செய்தி வெளியானபோது, அதற்குப் பிறகு அந்த ஊரில் காலை 7 மணிக்கு இணைப்பு அறவில்லை என்று பொறியாளர்கள் சொன்னார்கள்.